கைமாறும் ஆம்ப்ளிஃபயர் நிறுவனங்கள்: பழுதுபார்ப்போர் கேட்கும் கேள்விகள்

கிடார் ஆம்ப்ளிஃபயர் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று விலைபோகும்போது பங்குதாரர் லாபக் கணக்கைப் பார்க்கிறார். வாசிப்பவர் தன் ஆம்பின் ஓசை மாறிவிடுமோ என்று கவலைப்படுகிறார். பழுதுபார்ப்பவருக்கு இவை இரண்டும் பிறகுதான். சர்க்யூட் டயகிராம் இனியும் கிடைக்குமா, உதிரிபாகம் வருமா, அடுத்த மாடலைத் திறந்து கைவைக்க முடியுமா என்பவையே அவருடைய கேள்விகள். நிறுவனம் கைமாறியது நல்லதா கெட்டதா என்பதற்கு விற்பனை நாளில் அவரிடம் பதில் இருக்காது. ஐந்து அல்லது பத்து ஆண்டுகள் கழித்து அந்தப் பெட்டி மேசைக்கு வரும்போதுதான் தெரியும்.

2025 ஜனவரியில் மார்ஷல் குழுமத்தின் பெரும்பான்மைப் பங்கைச் சீனாவைச் சேர்ந்த ஹாங்ஷான் முதலீட்டு நிறுவனம் வாங்க முன்வந்தது. அப்போது குழுமத்தின் மதிப்பு 110 கோடி யூரோ என்று கணக்கிடப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2023இல், ஸ்வீடனின் ஸவுண்ட் இண்டஸ்ட்ரீஸ் மார்ஷல் ஆம்ப்ளிஃபிகேஷனை வாங்கி இந்தக் குழுமத்தை அமைத்தது. 2021இல் கலிஃபோர்னியாவின் மீசா பூகி நிறுவனம் கிப்ஸனிடம் போனது. சில ஆண்டுகளுக்குள் இத்தனை பெரிய பெயர்கள் கைமாறியதால், உலகெங்கும் ஆம்ப் பழுதுபார்ப்போரிடையே பழைய விவாதம் மீண்டும் சூடுபிடித்திருக்கிறது. அந்த விவாதத்தைத் தருமபுரி மாவட்டத்து அரூர் போன்ற ஊரிலிருந்து பார்க்கும்போது, பெருநகரங்களில் கண்ணில் படாத சில பக்கங்களும் தெரிகின்றன.

அரூரில் எந்த வெளிநாட்டு கிடார் ஆம்ப் நிறுவனத்துக்கும் சர்வீஸ் சென்டர் கிடையாது. பழுதுபார்க்கும் மேசைக்கு வருவதில் பெரும்பகுதி மைக் செட் ஆம்ப்ளிஃபயர்கள். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் தெருக்கூத்துக்கும் வாடகைக்குப் போய்வரும் பெட்டிகள் அவை. மெல்லிசைக் குழுக்களின் கிடார், கீபோர்டு ஆம்புகளும் மாதா கோயில் பாட்டுக்குழுவின் சிறிய காம்போக்களும் அவற்றோடு வந்து சேரும். தீர்த்தமலைத் திருவிழாவோ ஊர் மாரியம்மன் பண்டிகையோ நெருங்கும்போது மூன்று நாள் காத்திருக்க யாருக்கும் நேரமில்லை. பாகம் இல்லையென்றால் சேலத்துக்கு ஆள் போக வேண்டும், அங்கும் இல்லையென்றால் பெங்களூருக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ. உலகத்தின் ஒரு மூலையில் கையெழுத்தான ஒப்பந்தம் இந்த அலைச்சலைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்பதே இங்கே கேள்வி.

ஒரு பெட்டி மேசைக்கு வந்தால் நடப்பதைப் பார்த்தால் இந்தக் கேள்வியின் எடை விளங்கும். ஃபியூஸ் போன ஆம்பை நேரடியாகக் கரண்டில் போடுவதில்லை. நூறு வாட் குண்டு பல்பைத் தொடரில் இணைத்த சீரிஸ் லாம்ப் போர்டில்தான் முதலில் செருகுவார்கள். பல்பு ஒரு நொடி பளிச்சிட்டு மங்கினால் பவர் பகுதி நலம். முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட். மூடியைக் கழற்றி, மல்டிமீட்டரை பீப் ஒலியில் வைத்து அவுட்புட் ட்ரான்ஸிஸ்டர்களைக் கால்காலாகத் தொட்டுப் பார்ப்பார்கள். செத்த ஜோடியைக் கழற்றியதோடு வேலை முடியாது. அது சாகும்போது முன்னாலிருக்கும் டிரைவர் ட்ரான்ஸிஸ்டரையும் எமிட்டர் ரெஸிஸ்டரையும் கூடவே கொண்டுபோயிருக்கும். எந்த ரெஸிஸ்டரின் மதிப்பு என்ன, பயாஸ் எவ்வளவு மில்லிவோல்ட் நிற்க வேண்டும் என்று தெரியாமல் புதுசு போட்டால் அதுவும் பத்து நிமிடத்தில் கருகும். கருகிய ரெஸிஸ்டரின் மேல் நிறக்கோடு தெரியாது. டயகிராம் இருந்தால் அரைமணி வேலை. இல்லையென்றால் மறுபக்கச் சேனலை அளந்து அளந்து ஊகிக்க வேண்டும், ஒரே சேனல் உள்ள ஆம்பில் அதற்கும் வழியில்லை.

இந்தத் துறையில் எல்லா விவாதமும் 1965இல் தொடங்குகிறது. லியோ ஃபெண்டர் 1938இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். அந்தக் கடையின் அறிவு அவர் செய்த ஆம்ப்ளிஃபயர் முழுவதிலும் இருந்தது. எந்த வால்வு எங்கே என்று காட்டும் தாள் பெட்டியின் உட்புறம் ஒட்டியிருக்கும். பாகங்கள் ஒரே அட்டைப்பலகையில், சால்டரிங் அயன் நுழைய இடம்விட்டு, வரிசையாக அமர்ந்திருக்கும். ஒரு கண்டன்சரை மாற்ற இன்னொன்றைக் கழற்ற வேண்டியதில்லை. 1965 ஜனவரியில் சி.பி.எஸ். ஒளிபரப்பு நிறுவனம் 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு ஃபெண்டரை வாங்கியது. இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆம்பின் முகப்பு கறுப்பிலிருந்து வெள்ளிக்கு மாறியது, உள்ளே சர்க்யூட்டும் மாறியது. சில மாடல்களில் பயாஸ் அமைப்பை மாற்றினார்கள், அவுட்புட் வால்வுகளின் கிரிட்டில் சிறு கண்டன்சர்களைச் சேர்த்தார்கள். இதே காலத்தில் வந்த ட்ரான்ஸிஸ்டர் ஆம்புகள் அடிக்கடி பழுதாகிப் பெயரைக் கெடுத்தன. 1985இல் ஃபெண்டர் ஊழியர்களும் முதலீட்டாளர்களும் சேர்ந்து 1 கோடியே 25 லட்சம் டாலருக்கு நிறுவனத்தைத் திரும்ப வாங்கினார்கள்.

பெரிய நிறுவனம் வாங்கினால் தரம் கெடும் என்ற நம்பிக்கைக்குப் பழுதுபார்ப்போர் காட்டும் முதல் சான்று இந்த இருபதாண்டுக் கதை. வெள்ளி முகப்பு ஆம்பின் சர்க்யூட்டைப் பழைய கறுப்பு முகப்புக்குத் திருப்புவது அமெரிக்கப் பட்டறைகளில் தனி வேலையாகவே வளர்ந்தது. ஆனால் மேசையில் திறந்து பார்த்தவர்கள் சொல்வதைக் கூர்ந்து கேட்டால் கதை அவ்வளவு நேராக இல்லை. டீலக்ஸ் ரிவெர்ப், பிரின்ஸ்டன் ரிவெர்ப் போன்ற சிறிய ஆம்புகளின் சர்க்யூட் சி.பி.எஸ். காலத்திலும் பெரிதாக மாறவில்லை. கிரிட்டில் சேர்த்த கண்டன்சர்களும் வீண் வேலை அல்ல. உற்பத்தி வேகத்தில் வயர்களை ஒழுங்காக வளைத்து அமைக்காததால் ஆம்ப் தானாக ஊளையிட்டது, அதை அடக்கப் போட்ட ஒட்டுவேலை அது. எனவே பழுதின் வேர் பொறியாளரின் காகிதத்தில் இல்லை, அசெம்பிளி வரிசையின் அவசரத்தில் இருந்தது. இன்னொன்றும் முக்கியம். சி.பி.எஸ். காலத்திலும் டயகிராம்கள் வெளிவந்துகொண்டே இருந்தன, பாகங்களும் சந்தையில் கிடைக்கும் பாகங்களாகவே இருந்தன. அதனால்தான் ஐம்பது ஆண்டு கடந்த பிறகும் அந்தப் பெட்டிகள் உயிரோடு இருக்கின்றன. கைமாறியதில் மோசமான உதாரணம் என்று சொல்லப்படுவதே பழுதுபார்க்க எளிதான ஆம்புகளைத்தான் தந்தது.

வாக்ஸ், ஆம்பெக் ஆகியவற்றின் நிலை இதைவிடக் கடினமானது. இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில் டாம் ஜென்னிங்ஸ் நடத்திய நிறுவனம் ஏ.சி. 30 என்ற புகழ்பெற்ற ஆம்பைத் தந்தது. 1964இல் அதன் கட்டுப்பாடு ராய்ஸ்டன் குழுமத்திடம் போனது. அந்த தசாப்தம் முடிவதற்குள் ராய்ஸ்டனே நொடித்தது. பிறகு பெயர் பல கைகளில் அலைந்து 1992இல் ஜப்பானின் கோர்க் நிறுவனத்திடம் நிலைகொண்டது. ஆம்பெக் இன்னும் அதிகம் அலைந்தது. 1970களின் தொடக்கத்தில் மாக்னவாக்ஸ், 1986இல் செயின்ட் லூயிஸ் மியூசிக், 2005இல் லவுட் டெக்னாலஜீஸ், 2018இல் யமஹா என்று உரிமையாளர் பட்டியல் நீள்கிறது. ஒவ்வொரு முறையும் வாங்கியவர் கையில் பெயர் வந்தது. பழைய வரைபடங்களும், ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்றும் கணக்கும், எந்த ஆண்டில் எந்தப் பாகம் மாறியது என்ற குறிப்பும் முழுமையாகக் கூடவே வந்ததா என்பது வேறு விஷயம்.

ட்ரான்ஸ்ஃபார்மர் கணக்கு ஏன் முக்கியம் என்பதை அரூர்ப் பக்கத்தில் எளிதாக விளக்கலாம். கிணற்று மோட்டார் காயில் கட்டும் கடைகள் நிறைந்த பகுதி இது. பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் பழைய சுற்றை எண்ணிப் புதிதாகக் கட்டித்தர இங்கே கைத்திறன் உண்டு. வால்வு ஆம்பின் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் அப்படியல்ல. அதில் பிரைமரியும் செகண்டரியும் பல அடுக்குகளாக ஒன்றின்மேல் ஒன்று மாறிமாறிச் சுற்றப்பட்டிருக்கும். அந்த அடுக்கின் வரிசையிலும் சுற்றின் எண்ணிக்கையிலும்தான் அதன் ஓசை இருக்கிறது. மொத்தமாக எண்ணிக் கட்டினால் ஆம்ப் வேலை செய்யும், ஆனால் உச்ச ஒலி மழுங்கிவிடும், சில நேரம் ஊளையிடும். அந்தக் கணக்கு எழுதிய தாள் ஒரு விற்பனையில் காணாமல் போனால் அதை ஊகித்து மீட்பது எளிதல்ல.

கைமாறாத நிறுவனங்களின் கதையையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் இந்த ஆய்வு ஒருபக்கச் சாட்சியாகிவிடும். ஜிம் மார்ஷல் லண்டன் ஹான்வெல்லில் டிரம்ஸ் கடை நடத்தியவர். 1962இல் ஃபெண்டர் பாஸ்மேன் சர்க்யூட்டைப் பின்பற்றி முதல் மார்ஷல் ஆம்பை உருவாக்கியவர்கள் கென் பிரானும் டட்லி கிரேவனும். 2012இல் ஜிம் மார்ஷல் இறக்கும்வரை நிறுவனம் அவர் பொறுப்பிலேயே இருந்தது. ஆனாலும் 1970களின் முற்பகுதியிலேயே கையால் வயர் இணைப்பதை விட்டு அச்சிட்ட சர்க்யூட் போர்டுக்கு அவர்கள் மாறினார்கள். அமெரிக்காவின் பீவியும் அதை நிறுவியவரின் கையில்தான் இருக்கிறது. அதுவும் உற்பத்தியின் பெரும்பகுதியைச் சீனாவுக்குக் கொண்டுபோனது. ஆகவே போர்டு மாறியது, ஆலை இடம்பெயர்ந்தது, செலவைக் குறைத்தது ஆகிய எல்லாக் குறைகளையும் கைமாற்றத்தின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. உரிமையாளர் மாறாமலும் இவை நடக்கும். கைமாற்றம் இவற்றை வேகப்படுத்துகிறது என்று சொன்னால் அது உண்மைக்கு நெருக்கமானது. கொடுத்த விலையைத் திரும்ப எடுக்கும் அவசரம் வாங்கியவருக்கு இருக்கிறது.

மார்ஷலின் அண்மைக் கைமாற்றங்கள் வேறு வகை. ஸவுண்ட் நிறுவனம் 2010 முதலே மார்ஷல் பெயரில் ஹெட்ஃபோனும், பின்னர் ப்ளூடூத் ஸ்பீக்கரும் உரிமம் பெற்று விற்றுவந்தது. இன்று தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர் பலருக்கு மார்ஷல் என்றால் அந்த ஸ்பீக்கர்தான். கிடார் ஆம்பைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். 110 கோடி யூரோ மதிப்பில் பெரும்பங்கு இந்தப் பொருள்களால் வந்தது என்பதில் சந்தேகமில்லை. பழுதுபார்ப்போரில் ஒரு சாரார் இதில் நம்பிக்கை காண்கிறார்கள். ஸ்பீக்கர் விற்ற பணம் ஆம்ப் தொழிற்சாலையைக் காப்பாற்றும், பிளெட்ச்லியில் உற்பத்தி தொடரும் என்பது அவர்கள் வாதம். மார்ஷல் குடும்பம் இன்னும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருப்பதையும் அவர்கள் சுட்டுகிறார்கள். மறுசாராரின் கவலை, பெயரின் மதிப்பு எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் பொறியாளர்களும் போவார்கள் என்பது. ப்ளூடூத் ஸ்பீக்கர் பேட்டரியோடும் நுண்பாகங்களோடும் மூடிவரும் பொருள். சிப்பில் எழுதிய மென்பொருள் போனால் ஈயமும் அயனும் உதவாது. அந்த வடிவமைப்புப் பழக்கம் மெல்ல ஆம்புக்குள்ளும் வரும் என்ற அச்சத்தை வெறும் பழமைவாதம் என்று தள்ள முடியாது.

அரூரின் மைக் செட் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானவை வேறு இரண்டு கைமாற்றங்கள். ஜே.பி.எல்., கிரவுன், ஏ.கே.ஜி., கிடார் பெடல் செய்த டிஜிடெக் ஆகியவற்றைத் தன்னிடம் சேர்த்திருந்த ஹார்மன் நிறுவனத்தைச் சாம்சங் 2017இல் 800 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. கார்களுக்கான மின்னணுச் சாதனங்கள்தான் அந்த விலைக்கு முதன்மைக் காரணம். ஏ.கே.ஜி.யின் வியன்னா ஆலை அதே ஆண்டு மூடப்பட்டது. வேலை இழந்தவர்கள் ஆஸ்ட்ரியன் ஆடியோ என்ற தனி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். டிஜிடெக் 2022இல் கொரியாவின் கோர்டெக் கைக்குப் போனது. இங்கே கவனிக்க வேண்டியது, ஆலையின் அறிவு ஆட்களோடு நடந்து போய்விட்டது என்பது. பழைய மைக்கின் நுணுக்கம் தெரிந்தவர் இன்று பழைய பெயரின் கீழ் இல்லை. 

மற்றொரு கைமாற்றம் நல்ல பலன் தந்தது என்று பல சவுண்டு சர்வீஸ்காரர்கள் கருதுவது. 2009இல் பெரிங்கரின் தாய் நிறுவனம் பெரும் மேடைகளுக்கான மிக்ஸர் செய்த மைடாஸையும் கிளார்க் டெக்னிக்கையும் பாஷ் நிறுவனத்திடமிருந்து வாங்கியது. 2012இல் மைடாஸ் வடிவமைத்த மைக் ப்ரீஆம்புகளோடு எக்ஸ் 32 என்ற டிஜிட்டல் மிக்ஸர் வந்தது. அதுவரை எட்டாத விலையிலிருந்த வசதி மாவட்டத் தலைநகர மேடைகளுக்கும் வந்துசேர்ந்தது. பழுதுபார்ப்பவர் இதில் இரண்டு மனதோடு இருக்கிறார். ஃபேடர், பவர் சப்ளை போன்றவை தனியாக வாங்கக் கிடைக்கின்றன. முதன்மை போர்டு போனால் போர்டையே மாற்ற வேண்டியதுதான், அதில் அவருக்கு வேலையுமில்லை வாடிக்கையாளருக்குச் சிக்கனமுமில்லை.

தமிழ்நாட்டுப் பட்டறைகளை நேராகத் தாக்கிய கைமாற்றம் எந்த ஆம்ப் நிறுவனத்துடையதும் அல்ல. அது ஒரு பாகத்தினுடையது. சான்யோ தயாரித்த எஸ்.டி.கே. ஐசிகள் ஒரு தலைமுறை அசெம்பிள் ஆம்ப்ளிஃபயர்களுக்கு உயிர். எஸ்.டி.கே. 4141 என்றால் சிறிய ஸ்டீரியோ, 4191 என்றால் கொஞ்சம் பலமானது என்று கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் எண் மனப்பாடம். ஒரு ஐசி, ஒரு ஹீட்சிங்க், ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர், சில கண்டன்சர்கள் இருந்தால் ஆம்ப் தயார். சான்யோ பானாசோனிக் வசமானது. அதன் செமிகண்டக்டர் பிரிவை 2011 ஜனவரியில் அமெரிக்காவின் ஆன் செமிகண்டக்டர் வாங்கியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் தாய்லாந்து வெள்ளம் அங்கிருந்த சான்யோ ஆலைகளை மூழ்கடித்தது. எஸ்.டி.கே. வரிசை படிப்படியாக நின்றது. முன்பே சந்தையில் உலவிய டூப்ளிகேட், அதன்பின் சந்தையையே பிடித்துக்கொண்டது.

டூப்ளிகேட் ஐசி மேசையில் நன்றாகவே பாடும். சோதனைக்காக வைத்த சின்ன ஸ்பீக்கரில் குறையே தெரியாது. திருவிழாவில் நள்ளிரவு தாண்டி, முழு வால்யூமில், வோல்டேஜ் ஏறி இறங்கும்போதுதான் ‘டப்’பென்று போகும். அதன் பழி ஐசி செய்தவர்மேல் விழுவதில்லை, போட்டுக்கொடுத்த மெக்கானிக்கின்மேல் விழுகிறது. உயர்திறன் ஆம்புகளில் போடும் தோஷிபாவின் 5200, 1943 ட்ரான்ஸிஸ்டர் ஜோடிக்கும் இதே கதி. போலியை உடைத்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் சில்லு அசலில் பாதி அளவுகூட இருக்காது. வாடகைப் பணத்தையும் தொழில் பெயரையும் ஒரே இரவில் இழப்பவர்களுக்காக எழுதப்பட்ட ஒரு வரியும் எந்தக் கைமாற்ற ஒப்பந்தத்திலும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆம்ப் நிறுவனம் யாருடையது என்ற பேச்சைவிடப் பாகம் யாருடையது என்ற பேச்சு இந்த ஊர்களுக்கு மிக அவசரமானது.

வால்வுகளின் வரலாறும் இதையே சொல்கிறது. பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஒருகாலத்தில் இ.சி.சி. 83, இ.எல். 84 போன்ற வால்வுகளைச் செய்தது. தருமபுரி மாவட்டத்துக்குப் பக்கத்து நகரிலேயே கிடைத்த பொருள் அது. அந்த உற்பத்தி நின்றபின் உலகமே இன்று ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய மூன்று நாடுகளின் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆலைகளை நம்பியிருக்கிறது. ரஷ்யாவின் சரடோவ் நகர ஆலையை அமெரிக்கரான மைக் மேத்யூஸ் வாங்கினார். சோவ்டெக், எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ், டங்சால், முல்லார்டு என்று வேறுவேறு பெட்டிகளில் விற்கப்படும் வால்வுகள் அந்த ஒரே ஆலையிலிருந்து வருபவை. முல்லார்டு என்ற பெயர் பழைய பிரிட்டிஷ் ஆலையிலிருந்து தனியே பிரிந்து வந்து இங்கே ஒட்டிக்கொண்டது. 2022 மார்ச்சில் ரஷ்ய ஏற்றுமதித் தடையால் அந்த ஆலையின் சரக்கு நின்றபோது நான்கு பெயர்களும் ஒரே நாளில் தட்டுப்பாடாயின. நான்கு போட்டியாளர்கள் இருப்பதாக நம்பியிருந்த ஆம்ப் நிறுவனங்களும் பழுதுபார்ப்போரும் இருந்தது ஒரே ஒரு வாசல்தான் என்பதை அன்று உணர்ந்தார்கள்.

இந்தப் பின்னணியில்தான் மைக் செட் ஆம்ப்ளிஃபயர் செய்யும் டெல்லியின் அகுஜாமீது கிராமத்து மெக்கானிக்குகள் காட்டும் மரியாதையைப் புரிந்துகொள்ள வேண்டும். 1940இல் தொடங்கிய நிறுவனம் அது. குழாய் ஸ்பீக்கருக்கான 100 வோல்ட் லைனும் 4, 8, 16 ஓம் முனைகளும் பின்பக்கத்தில் தலைமுறைகளாக அதே முறையில் வருகின்றன. குழாய் ஸ்பீக்கரின் யூனிட் போனால் யூனிட்டைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, டயாஃபிரம் மட்டும் வாங்கி மாற்றலாம். அதன் ஓசையை உலகத்தரம் என்று யாரும் கொண்டாடுவதில்லை. ஆனால் இருபது ஆண்டுக்கு முந்தைய பெட்டியை இன்றைய பாகத்தால் பிழைக்க வைக்க முடிகிறது. பழுதுபார்ப்பவரின் அளவுகோலில் அதுதான் முதல் மதிப்பெண். நிறுவனம் நாளை யார் கைக்குப் போனாலும் இந்த ஒரு பழக்கம் நீடித்தால் அரூரில் யாரும் குறைசொல்ல மாட்டார்கள்.

சட்டத்தின் பக்கம் பார்த்தால், ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று அதற்கான இணையதளம் தொடங்கப்பட்டது. வேளாண் கருவிகள், கைபேசியும் மின்னணுப் பொருள்களும், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. நிறுவனங்கள் சர்வீஸ் விவரங்களையும் பாகங்களின் விவரத்தையும் அங்கே வெளியிட வேண்டும் என்பது நோக்கம். ஒலிபெருக்கிக் கருவிகளும் இசைக்கருவி ஆம்புகளும் அதில் தனித்துறையாக இல்லை. நாட்டில் எந்தத் தாலுக்காவிலும் ஒரு மைக் செட் கடையாவது இருக்கும்போது இந்த விடுபாடு சரிசெய்யப்பட வேண்டிய ஒன்று.

நிறுவனம் விற்கப்படும்போது விற்பவர் தன் பழைய மாடல்களின் டயகிராமைப் பொதுவில் வைத்துவிட்டுப் போகட்டும். வாங்குபவர் குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு உதிரிபாகப் பொறுப்பை எழுத்தில் ஏற்கட்டும். இந்த இரண்டையும் விதியாக்குவதால் எந்த முதலாளிக்கும் பெரிய நஷ்டம் வராது. ஒலிபெருக்கிகளை ஐந்தாவது துறையாகச் சேர்க்கும்படி சவுண்டு சர்வீஸ் உரிமையாளர் சங்கங்களும் மெக்கானிக்குகளும் நுகர்வோர் விவகாரத் துறைக்கு எழுத வேண்டும்.